மரபுச் செல்வமும் அதற்குரிய பேரேடும்



சில மாதங்களுக்கு முன் திருப்பதியிலுள்ள எங்கள் கிளைக்குப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். நெடுங்காலமாக நம் வங்கியில் கணக்கு வைத்திருப்பவர். சித்தூரை அடுத்த கிராமத்தில் உள்ள பூர்வீக வீட்டைப் பிரித்துக் கட்ட முனைந்திருந்தார். பூசை அறையில் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் ஒரு சாண் உயரச் செப்புத் திருமேனியை எங்கே வைப்பது என்பதே அவருடைய கவலை.

அவர் எங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டார். சிலையைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கலாமா? நகையைப் போல ஈடு வைத்துக் கடன் பெறலாமா? வெளிநாட்டிலுள்ள மகன் அடுத்த முறை வரும்போது அதைத் தன்னுடன் எடுத்துச் செல்லலாமா? முதல் கேள்விக்கு, சட்டப்படி வைத்திருக்கத்தக்க பொருளாயின் வைக்கலாம் என்றோம். இரண்டாவதற்கு இயலாது என்றோம். மூன்றாவதற்கு, நூறாண்டு கடந்த சிலையாயின் நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது தண்டனைக்குரிய குற்றம் என்று எடுத்துரைத்தோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஐயா, இது எங்கள் வீட்டுப் பொருள்தான் என்று சொல்ல என்னிடம் ஒரு காகிதமும் இல்லையே, நாளை யாராவது கேட்டால் நான் எதைக் காட்டுவேன்?” என்றார்.

அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். நம் பகுதியின் கோயில்கள், கோட்டை, துணி ஓவியம் ஆகியவற்றையும் உலகின் பெரிய அருங்காட்சியகங்களையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். பொருள் எவ்வளவு உயர்ந்ததாயினும், அது எங்கிருந்து வந்தது, யாருடையது என்ற குறிப்பு இல்லாவிடில் அதன் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். சில வேளைகளில் பொருளே போய்விடும்.

அருங்காட்சியகத்தின் உள்வேலை

அருங்காட்சியகம் என்றவுடன் கண்ணாடிப் பேழைகளும் சிலைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், பார்வையாளர் காணாத அறை ஒன்றில்தான் அதன் உயிர் இருக்கிறது. அங்கே ஒரு பதிவேடு உண்டு. உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் தரப்படுகிறது. வந்த நாள், கிடைத்த ஊர், கொடுத்தவர், உயரம், எடை, செய்யப்பட்ட பொருள், உள்ள சேதம் ஆகியவை அந்த எண்ணின்கீழ் எழுதப்படுகின்றன. நம் வங்கியில் பேரேடு செய்யும் பணியை அங்கே இப்பதிவேடு செய்கிறது.

லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1753ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு 1759ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பாரிசின் லூவர் அரண்மனை 1793ஆம் ஆண்டில் அருங்காட்சியகமாயிற்று. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம் 1814ஆம் ஆண்டிலும், சென்னை அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டிலும் தோன்றின. இவை அனைத்திலும் பொருள்களின் எண்ணிக்கை வேறுபடலாம். பதிவேடு இன்றி நடப்பது எதுவும் இல்லை.

கல்லில் எழுதிய கணக்கு

இந்தப் பழக்கத்தை நாம் வெளிநாட்டாரிடம் கற்றதாக எண்ண வேண்டியதில்லை. திருமலை, திருப்பதி, திருச்சானூர் கோயில்களின் சுவர்களில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் எழுதப்பட்டவை. கடந்த நூற்றாண்டில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலிய அறிஞர்கள் அவற்றைப் படியெடுத்து ஆராய்ந்தனர். தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டுள்ளது.

திருமலையில் போக சீனிவாசர் என்று வழங்கும் வெள்ளித் திருமேனியைப் பல்லவர் குலத்தைச் சேர்ந்த சாமவை என்னும் அரசி அளித்தார். அதனை நாம் இன்று உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் அக்கொடையைக் கூறும் கல்வெட்டே. திருமேனிக்கு அளித்த அணிகலன்கள், அவற்றின் பொன் எடை, பதித்த கற்கள், வழிபாட்டுச் செலவுக்காக வாங்கி விட்ட நிலம் என அனைத்தும் அதில் இடம்பெற்றுள்ளன. நகைக் கடன் பிரிவில் இன்று நாம் எழுதும் குறிப்பும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் அமைகிறது.

விசயநகர காலக் கல்வெட்டுகள் நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானவை. அடியவர் ஒருவர் ஸ்ரீபண்டாரம் எனப்படும் கோயில் கருவூலத்தில் ஒரு தொகையைச் செலுத்துவார். அத்தொகை கோயிலுக்குரிய கிராமங்களில் ஏரியையும் வாய்க்காலையும் திருத்தச் செலவிடப்படும். அதனால் கூடும் விளைச்சலைக் கொண்டு அவர் பெயரில் நாள்தோறும் அல்லது திருநாள்தோறும் அமுது படைக்கப்படும். படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு கொடையாளருக்குச் சேரும். இப்பங்கிற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். இன்று வட்டியைக் கணக்கிடும்போது நூற்றுக்கு இத்தனை என்ற பொருளில் நாம் சொல்லும் ‘விழுக்காடு’ என்ற சொல், அந்நாளில் பங்கு என்ற பொருளில் இக்கல்வெட்டுகளில் பயின்று வந்திருக்கிறது. திருப்பதிக் கோயிலின் இந்தப் பொருளியல் முறையைப் பற்றி அமெரிக்க வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டெயின் 1960ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுக்கட்டுரை இன்றும் அறிஞர்களால் எடுத்தாளப்படுகிறது.

இத்தகைய கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில், கோயில் கணக்கரான திருநின்றவூர் உடையான் இதனை எழுதினார் என்ற குறிப்பு வரும். தொகை, நிபந்தனை, பயன் பெறுவோர், காலவரை, எழுதிய அலுவலர் என ஓர் ஆவணத்திற்கு வேண்டிய அனைத்தும் அதில் உள்ளன. கொடையாளரும் கணக்கரும் மறைந்து நூற்றாண்டுகள் ஆன பின்னும் அவர்கள் செய்த ஏற்பாடு நமக்குப் புரிவது இதனால்தான்.

கிருஷ்ணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்து வழிபட்டார். அவரும் அவருடைய தேவியர் இருவரும் கைகூப்பி நிற்கும் செப்புச் சிலைகள் கோயிலின் முகப்பு மண்டபத்தில் உள்ளன. சிலைகளிலேயே பெயர் பொறிக்கப்பட்டிருப்பதால் யாருடைய உருவம் என்பதில் ஐயம் எழவில்லை. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியரும் (1408–1503) அவர் மரபினரும் இயற்றிய கீர்த்தனைகளும் செப்பேடுகளில் எழுதப்பட்டு, திருமலைக் கோயிலிலேயே சிறிய அறை ஒன்றில் வைக்கப்பட்டிருந்தன. கடந்த நூற்றாண்டில் அவை வெளியே எடுத்துப் படிக்கப்பட்ட பிறகே ஆயிரக்கணக்கான பாடல்கள் மீண்டும் மக்களிடம் வந்து சேர்ந்தன.

குடிமல்லமும் சந்திரகிரியும்

திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஏர்ப்பேடு அருகே குடிமல்லம் என்ற சிற்றூர் உள்ளது. அங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலின் கருவறையில் ஏறத்தாழ 5 அடி உயரமுள்ள இலிங்கம் நிற்கிறது. அதன் முன்புறத்தில் குள்ள உருவம் ஒன்றின்மேல் நிற்கும் சிவனின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. ஒரு கையில் விலங்கையும் மற்றொன்றில் கெண்டியையும் ஏந்தி, தோளில் மழுவைச் சார்த்தியிருக்கும் அவ்வுருவத்தை, நாட்டின் மிகப் பழைய சிவ வடிவங்களுள் ஒன்றாக அறிஞர் கருதுகின்றனர். கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்பது பலர் கருத்து. காலம் குறித்த விவாதம் இன்னும் முடியவில்லை. து. அ. கோபிநாத ராவ் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை ஆராய்ந்து எழுதிய பின்னரே உலகின் கலை வரலாற்று நூல்களில் குடிமல்லம் இடம்பெற்றது.

இவ்விலிங்கம் இன்றும் அதே கருவறையில் வழிபாட்டில் இருக்கிறது. கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாணர், பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளும் அங்கேயே உள்ளன. பொருளும் அதன் ஊரும் அதன் எழுத்தும் பிரியாமல் ஓரிடத்தில் இருப்பது அரிய பேறு.

எல்லாப் பொருள்களுக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. கோயில் சிதைந்தும் கோட்டை பாழடைந்தும் போன இடங்களிலிருந்து எடுத்து வந்தவற்றைப் பாதுகாக்க ஓரிடம் வேண்டும். திருப்பதியை அடுத்த சந்திரகிரிக் கோட்டையின் ராஜ மகால் அத்தகைய இடமாகப் பயன்படுகிறது. விசயநகர மரபின் பிற்கால அரசர்கள் இக்கோட்டையிலிருந்து ஆண்டனர். 1639ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் வழங்கப்பட்ட வரலாறும் இந்த அரச மரபோடு பிணைந்தது. இன்று ராஜ மகாலில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. குடிமல்லம், கண்டிக்கோட்டை, யாகண்டி முதலிய இடங்களின் கற்சிற்பங்களும் உலோகத் திருமேனிகளும் அங்கே உள்ளன.

அங்கே செல்லும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிலையின் அழகைக் கண்டவுடன் நகர்ந்துவிடாமல், கீழேயுள்ள சிறு பலகையையும் படியுங்கள். ஊர், காலம், கல்லின் வகை என்ற மூன்று செய்திகளைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். பத்துச் சிலைகளுக்கு அவ்வாறு எழுதினால், ஒரு வட்டாரத்தின் சிற்பம் மற்றொன்றிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பது தானே விளங்கத் தொடங்கும்.

குறிப்பு இல்லாததால் நேர்ந்த இழப்பு

பதிவின் அருமையை உணர்த்தும் துயரமான சான்றும் ஆந்திரத்திலேயே உண்டு. கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதியில் பெரும் பௌத்தத் தூபி ஒன்று இருந்தது. 1797ஆம் ஆண்டில் காலின் மெக்கன்சி அதனை முதன்முறையாகப் பார்வையிட்டபோதே, கட்டடப் பணிக்காகக் கற்கள் பெயர்த்து எடுக்கப்பட்டு வந்தன. 1816ஆம் ஆண்டில் ஓவியர்களுடன் அவர் மீண்டும் வந்து, எஞ்சியவற்றை வரைந்து வைத்தார். 1845ஆம் ஆண்டில் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்த கற்கள் சென்னைக்குச் சென்றன. அவற்றுள் பல பின்னர் லண்டனை அடைந்தன.

இன்று அமராவதிச் சிற்பங்களைக் காணச் சென்னை அருங்காட்சியகத்திற்கும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கும் செல்ல வேண்டியுள்ளது. கற்கள் நன்றாகவே பாதுகாக்கப்படுகின்றன. ஆயினும் எந்தக் கல் தூபியின் எப்பகுதியில் இருந்தது என்ற முழுமையான குறிப்பு இல்லை. மெக்கன்சியின் வரைபடங்களைக் கொண்டே அறிஞர்கள் பல கற்களின் இடத்தை அறிய முயல்கின்றனர். வைப்புத்தொகை பத்திரமாக இருந்து, கணக்குப் புத்தகம் மட்டும் தொலைந்துபோன நிலைக்கு இதனை ஒப்பிடலாம்.

துணியில் வளர்ந்த கலை

ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரி வேறொரு பாடத்தைத் தருகிறது. கல்லைப் போலத் துணி நிலைப்பதில்லை; ஆகவே துணியைவிட, அதனைச் செய்யும் முறையைக் காப்பாற்றுவதே முதன்மையாகிறது. பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர். மூங்கில் குச்சியின் நுனியில் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த எழுதுகோலால் கோடுகளை வரைவர். கறுப்பு நிறத்திற்குத் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் நாள்கணக்கில் ஊறவைப்பர். சிவப்பு நிறம் பிடிக்கப் படிகாரம் வேண்டும். ஒவ்வொரு நிறத்திற்கும் பின் சுவர்ணமுகி ஆற்றின் ஓடும் நீரில் துணியை அலசுவது மரபு.

இந்தியாவின் சாயத்துணிகள் ஒரு காலத்தில் ஐரோப்பியச் சந்தையைக் கலங்கச் செய்தன. உள்நாட்டு நெசவைக் காக்க பிரான்சு 1686ஆம் ஆண்டில் அவற்றுக்குத் தடை விதித்தது. 1759இல்தான் அத்தடை நீங்கியது. இங்கிலாந்திலும் 1701, 1721 ஆகிய ஆண்டுகளில் தடைச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. பின்னர், இயந்திரப் பெருக்கத்திற்கு எதிராக இங்கிலாந்தில் எழுந்த கலை–கைத்தொழில் இயக்கத்தின் முன்னோடி வில்லியம் மோரிஸ், இயற்கைச் சாயங்களை மீட்க முயன்றார். இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என வழங்கும் லண்டன் அருங்காட்சியகத்தின் துணிகள் அவருக்குப் பாடப்புத்தகம்போல் உதவின. நம் நாட்டுக் கலம்காரித் துணிகளையும் அந்நிறுவனம் பேணி வருகிறது.

நம் ஊரில் அக்கலை நலிந்தபோது, கமலாதேவி சட்டோபாத்யாயாவின் தலைமையில் இயங்கிய அகில இந்தியக் கைவினை வாரியத்தின் ஆதரவுடன் 1950களில் காளஹஸ்தியில் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அந்த மரபில் வந்த ஜொன்னலகட்ட குரப்ப செட்டி 2008ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஊர்ப் பெயரையும் செய்முறையையும் சட்டப்படி பதிவு செய்வதே புவிசார் குறியீடு. கலம்காரி வாங்குவோர் கைவேலையா, அச்சுத்துணியா என்று கேட்டு, செய்தவர் பெயருடன் ரசீது பெறுவது நல்லது. அந்த ரசீது நாளை அத்துணியின் வரலாற்றுக்கு முதல் ஆவணமாகும்.

அதே ஊரில் 1516ஆம் ஆண்டில் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்ததை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். புதிய கோபுரம் 2017ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. ஐந்நூறு ஆண்டு நின்ற கட்டடமும் ஒரு மாலையில் மறையலாம் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

ஒரு பழைய புகைப்படத்தின் வலிமை

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் சிலையை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008ஆம் ஆண்டில் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. சிலை முறையாகக் கைமாறியதாகக் காட்டும் போலி ஆவணங்கள் விற்பனையின்போது அளிக்கப்பட்டிருந்தன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கோயில்களில் பல்லாண்டுகளாக எடுத்துச் சேர்த்த புகைப்படங்கள் அப்பொய்யை உடைக்க உதவின. 2014ஆம் ஆண்டில் சிலை நாடு திரும்பியது. போலி ஆவணத்தை வென்றது மெய்யான ஆவணமே.

நம் வீட்டிற்குரிய வழிமுறைகள்

பெரியவரின் கேள்விக்கு இப்போது வருவோம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், காசு முதலியன தொல்பொருள்களாகும். வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புடைய கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டு போதும். அவற்றைத் தனியார் வைத்திருக்கத் தடையில்லை. ஆயினும் அறிவிக்கப்பட்ட வகைகளைச் சேர்ந்த சிற்பங்கள், ஓவியங்கள், சித்திரங்கள் கொண்ட சுவடிகள் ஆகியவற்றைப் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். தொல்பொருள் வணிகத்திற்கு உரிமம் தேவை. தனியார் ஏற்றுமதி செய்தால் குறைந்தது 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. நிலத்தைத் தோண்டும்போது புதையல் கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

வாடிக்கையாளர்கள் தத்தம் இல்லத்தில் செய்யத்தக்கவை வருமாறு:

1. பழம்பொருளை முன், பின், இரு பக்கங்கள், அடிப்பகுதி எனப் புகைப்படம் எடுங்கள். அருகில் ஓர் அளவுகோலை வையுங்கள். எழுத்தோ கீறலோ இருப்பின் அதனைத் தனியே எடுங்கள்.

2. ஒரு தாளில் பெயர், பொருளின் வகை, உயரம், எடை, சேதம், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விவரங்களை எழுதி நாளிட்டுக் கையெழுத்திடுங்கள். 1997ஆம் ஆண்டு முதல் வழங்கும் ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற பன்னாட்டு முறையும் இத்தகைய விவரங்களையே கேட்கிறது.

3. அந்தத் தாளையும் படங்களையும் பொருளோடு சேர்த்து வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். பொருள் களவுபோனால் காவல்துறைக்குக் காட்ட அவை எஞ்சியிருக்க வேண்டும்.

4. பழைய சிலையைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். பழைய பத்திரங்களையும் கடிதங்களையும் லேமினேஷன் செய்ய வேண்டாம். பின்னர் அவற்றைச் சேதமின்றிப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

5. ஓலைச்சுவடி இருப்பின், படிக்கத் தெரியவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். திருப்பதியில் 1939ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, பின்னர் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் சுவடிகளைப் பேணி வருகிறது. அத்தகைய நிறுவனங்களின் ஆலோசனையைப் பெறலாம்.

6. உயில் எழுதும்போது நிலம், வீடு, வைப்புத்தொகை ஆகியவற்றுடன் இப்பொருள்களையும் தனித்தனியே குறிப்பிடுங்கள்.

எங்கள் கிளைக்கு வந்த பெரியவர் அடுத்த மாதம் மீண்டும் வந்தார். கையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. அவருடைய பெற்றோர் திருமணத்தன்று வீட்டில் எடுத்த படம். மணமக்களுக்குப் பின்னால், பூசை மாடத்தில் அதே திருமேனி தெரிந்தது. வீட்டைப் பிரிக்கும்போது பரண்மேல் இருந்த பெட்டியில் அது கிடைத்ததாம். அந்தப் படத்தின் நகலை இணைத்துப் பதிவுக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், மகனுக்குச் சிலைக்குப் பதிலாகப் படத்தை அனுப்பப் போவதாகவும் சொன்னார்.

நம் ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் அத்தகைய பெட்டி ஒன்று இருக்கக்கூடும். வரும் இரண்டாம் சனிக்கிழமையன்று சந்திரகிரிக்குக் குடும்பத்துடன் சென்று வாருங்கள். திரும்பி வந்ததும் அந்தப் பெட்டியை இறக்கி, உள்ளே இருப்பவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதத் தொடங்குங்கள்.